பிப்ரவரியில் பிளக்கும் மேஜை, ஜூலையில் திறக்காத டிராயர்

சொந்தமாக மரச்சாமான் செய்து பார்க்கும் நீலகிரி, பழனிமலை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் தேக்குப் பலகை வாங்கி, போன ஆகஸ்டில் நானே சாப்பாட்டு மேஜை செய்தேன். மேற்பலகை 5 அடிக்கு 3 அடி. பிப்ரவரியில் நடுவில் நீளவாக்கில் இரண்டு நூல் (கால் அங்குல) அகலத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் மட்டமான மரத்தைத் தள்ளிவிட்டாரா? — உதகை வாசகர்

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். மேற்பலகையை அடிச்சட்டத்தோடு சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, கூடவே ஃபெவிகாலும் தடவியிருப்பீர்கள். பிளந்ததற்கு அதுதான் காரணம்.

காய்ந்த மரமும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நாள்கணக்கில் நின்றால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை நெருங்கும். 65-இல் நின்றால் 12. 50-க்கு இறங்கினால் 9. அடுப்பும் ஆளும் இருக்கிற வீட்டுக்குள் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறையும். என்றாலும் உதகையில் தென்மேற்குப் பருவமழைக்கும் பனிக்காலத்து வறண்ட காற்றுக்கும் இடையே 6 சதவீத வித்தியாசம் சாதாரணம். ஈரம் ஒரு சதவீதம் மாறினால் தேக்கு, அகலத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு அளவு மாறும். 900 மி.மீ. பலகைக்குக் கணக்குப் போட்டால் 10 மி.மீ.-க்குச் சற்று மேல் வருகிறது. நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அதாவது உங்கள் அடிச்சட்டம் அசையாது, மேற்பலகை 10 மி.மீ. சுருங்கியே தீரும். இரண்டையும் கட்டிப்போட்டால் பலவீனமான இடம் பார்த்துப் பிளக்கும்.

விரிசலில் பட்டி அடைக்காதீர்கள். ஜூலையில் மரம் விரியும்போது அடைத்த பட்டி ஆப்பாக மாறி, பிளவை இன்னும் நீட்டிவிடும். முதலில் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றுங்கள், ஒட்டிய இடத்தை மெல்லிய உளியால் பிரியுங்கள். மேற்பலகையை இரண்டு வாரம் சும்மா விடுங்கள். பிறகு விரிசல் ஓடும் கோட்டிலேயே முழுநீளத்துக்கு அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அகலத்தில் அரை அங்குலத்துக்குள் போகும், அவ்வளவுதான்.

மறுபடி பொருத்தும்போது அகலச் சட்டங்கள் இரண்டிலும் நட்டநடுவில் மட்டும் ஒரு ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கட்டும். மற்ற ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தின் உட்பக்கம் 25 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்டி, அதில் வட்டத் துளைக்குப் பதிலாக மேஜையின் அகலவாக்கில் 15 மி.மீ. நீளமுள்ள நீள்துளை போட்டு, வாஷர் வைத்து முடுக்குங்கள். வாஷர் நழுவ வேண்டும். மரத்தில் பதியும் அளவுக்கு முறுக்கினால் நீள்துளை போட்டதே வீண். ஃபெவிகால் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று: மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேலே அடித்த அதே பாலிஷை அதே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரம் ஏறி, பலகை கிண்ணம் மாதிரி வளையும்.

கேள்வி: ஜூலையில் டிராயர் சிக்கிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா? — குன்னூர் வாசகி

பதில்: ஜூலையில் இழைத்தால் பிப்ரவரியில் லொடலொடக்கும். 150 மி.மீ. உயரமுள்ள தேக்குப் பக்கப்பலகை மழைக்காலத்தில் 2 மி.மீ. வரை உயரும். இப்போதைக்கு மெழுகுவத்தியை உராயும் இடங்களில் தேய்த்து ஓட்டுங்கள். மழை விட்டு ஒரு மாதம் கழித்தும் சிக்கினால் அப்போது மேல்விளிம்பில் இழையுங்கள். புதிதாகச் செய்யும்போது வறண்ட மாதமானால் மேலே 3 மி.மீ. இடைவெளி, மழைக்காலமானால் 1 மி.மீ. போதும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் டிராயர் பெட்டியை 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து, முகப்புக்கு மட்டும் மரம் போடலாம்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அனுமதி வாங்கி வெட்டிய சில்வர் ஓக் மரம் ஒன்று கிடக்கிறது. அடிமரம் 16 அங்குல விட்டம். வீட்டு உபயோகத்துக்குச் சாமான் செய்யலாமா, இல்லை அது விறகுக்குத்தானா? கூடவே ஒரு கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இருக்கிறது. — கோத்தகிரி வாசகர்

பதில்: சில்வர் ஓக்கை விறகு என்று ஒதுக்குவது நம் ஊர்ப் பழக்கம், மரம் அப்படியொன்றும் மட்டமில்லை. நடுத்தர எடை, இழைக்கச் சுலபம், பாலிஷ் நன்றாகப் பிடிக்கும். சரியான கோணத்தில் அறுத்தால் பலகை முகத்தில் சரிகை போட்டதுபோல் மினுங்கும் ரேகைகள் கிடைக்கும். அதற்கு, பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் நெட்டாக நிற்கும்படி அறுக்கச் சொல்ல வேண்டும். மில்லில் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகச் சீவித் தள்ளிவிடுவார்கள். அதில் ஓரப் பலகைகள் எல்லாம் வளையம் படுத்த பலகைகளாக வரும். படுத்த பலகை நெட்டான பலகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கும். நடுச்சோறு (மரத்தின் மையத்திலுள்ள மென்மையான பகுதி) வருகிற பலகையை எடுக்கவே எடுக்காதீர்கள், அது கட்டாயம் வெடிக்கும்.

25 மி.மீ. முடிவுக்கு 32 மி.மீ. கனத்தில் அறுங்கள். அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் பழைய எனாமல் பெயின்ட்டைக் கெட்டியாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடுவதால்தான் முனைவெடிப்பு வருகிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டமான மேடை, அதன்மேல் பலகை, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே ஓர் அங்குலச் சதுரக் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு குச்சி விலகினாலும் அந்த இடத்தில் பலகை நெளிந்தே காயும். மேலே தகரக்கூரை, பக்கங்கள் திறந்து, உச்சியில் பாறாங்கல் பாரம். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பூஞ்சைதான் விளையும்.

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. சில்வர் ஓக் அதற்கு முன்பே காயலாம், ஆனால் ஊகத்தில் போகாதீர்கள். பலகையின் முனையிலிருந்து இரண்டு அடி உள்ளே ஓர் அங்குலத் துண்டு அறுத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுங்கள். ஓவனில் 100 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிட்டு மறுபடி நிறுங்கள். 148 கிராம் 126-க்கு வந்தால், குறைந்த 22-ஐ 126-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 17.5 சதவீதம். கோத்தகிரியில் வெளிக்கொட்டகையில் 16-க்குக் கீழே இறக்குவது கஷ்டம். மிச்சத்துக்குப் பலகையை வீட்டுக்குள், ஆள் நடமாடும் அறையில், அதே குச்சி அடுக்கில் ஆறு வாரம் வைத்து, 12-ஐ ஒட்டி வந்ததும் கைவையுங்கள்.

இந்த மரத்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

கற்பூர மரத்தை விட்டுவிடுங்கள். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. காயும்போது உள்ளறைகள் நசுங்கி, பலகை முகம் பள்ளம் பள்ளமாக ஒடுங்கும். வேலிக்கால், விறகு அதற்குச் சரி. சீகையும் (வாட்டில் மரம்) அப்படித்தான்.

மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி வெட்டுவதற்கு அனுமதி வாங்கிவிட்டீர்கள், நல்லது. வண்டியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோவது தனி விஷயம். 1968-ஆம் வருடத்து மர இடமாற்று விதிகள் இருக்கின்றன. மரத்தை அசைப்பதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபெவிகால் போட்டு ஒட்டினால் காய்ந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகிறது. ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறது. போலிச் சரக்கா? — கொடைக்கானல் வாசகர்

பதில்: எந்த மாதத்தில் ஒட்டினீர்கள் என்று எழுதவில்லை. டிசம்பர், ஜனவரியாகத்தான் இருக்கும். வெள்ளைப் பசை எதுவானாலும் அதிலுள்ள நுண்துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாக வேண்டும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அவை சேராமல் பொடியாகவே காய்ந்துவிடும். பார்க்கச் சுண்ணாம்பு, பலம் பூஜ்யம். அறை வெதுவெதுப்பாக இருந்தாலும் ஷெட்டில் கிடந்த மரம் இரவுக் குளிரை மதியம்வரை வைத்திருக்கும். மரத்தையும் பசையையும் முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் ஒட்டி, கிளாம்ப் போட்டு, அப்படியே வீட்டுக்குள்ளேயே 24 மணி நேரம் விடுங்கள். உறைந்து கட்டிதட்டிய டப்பாவைக் கிளறிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். ஒட்டிவிட்டுப்போன இணைப்பில் பழைய பசைமேல் புதுப்பசை பிடிக்காது. மரம் தெரியும்வரை சுரண்டிய பிறகே மறுபடி ஒட்டுங்கள். சாரல் படுகிற வராந்தாச் சாமானுக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் வகைப் பசை.

கேள்வி: முதன்முதலாக ஒரு சாமான் செய்ய ஆசை. எதைச் செய்யலாம், என்னென்ன ஆயுதம் வேண்டும்? அளவோடு சொல்ல முடியுமா? — கூடலூர் வாசகர்

பதில்: நாற்காலியில் ஆரம்பிக்காதீர்கள். அதில் ஒரு கோணமும் செங்கோணம் இல்லை. நாலு அடி பெஞ்ச் ஒன்று செய்யுங்கள்; துளை, கழுந்து (துளைக்குள் நுழையும் சட்டத்தின் நாக்கு), இழைப்பு எல்லாம் அதில் கை பழகிவிடும்.

முடிந்த அளவு: நீளம் 1200, அகலம் 350, உயரம் 450 மி.மீ. கால் நாலு, 60 × 60 கனத்தில் 445 நீளம். முடித்த பிறகு மேல்முனையில் 20 அறுத்து 425 ஆக்குவோம். நீளச் சட்டம் இரண்டு, 90 × 25, நீளம் 930. குறுக்குச் சட்டம் இரண்டு, அதே கனம், நீளம் 230. மேலே 170 × 25 பலகை இரண்டு, 1200 நீளம், நடுவில் 10 மி.மீ. இடைவெளி. இழைத்து முடித்த அளவில் இது முக்கால் கன அடிக்குச் சற்று மேல். கழிவு சேர்த்து ஒரு கன அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். கடையில் கணக்கைச் சரிபார்க்க: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி.

கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ., நீளம் 25. காலின் நடுவில் துளை, 8 அகலம், 26 ஆழம். அதற்கு மேல் ஆழம் போகாதீர்கள். பக்கத்து முகத்திலிருந்து வரும் துளை காலுக்குள் அந்த இடத்தில்தான் நிற்கிறது. 30 வெட்டினால் இரண்டும் முட்டி, உள்ளே மரமே இருக்காது. 90 உயரச் சட்டத்தில் கழுந்து 65 உயரம். மேலே 15, கீழே 10 விட்டுவிடுங்கள். காலில் 20 மி.மீ. நீளம் கூடுதலாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது: உளியடி படும்போது துளைக்கு மேலே மரம் குறைவாக இருந்தால் காலின் உச்சி பிளந்துவிடும்.

முதலில் துளை, அப்புறம் கழுந்து. உளியின் அகலம்தான் துளையின் அகலம், அதை மாற்ற முடியாது. கழுந்தையோ மெல்ல மெல்லச் சீவிப் பொருத்தலாம். கையால் அழுத்தி முக்கால்வாசி நுழைந்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தி) இரண்டு தட்டுத் தட்டினால் உட்கார வேண்டும். அடித்து ஏற்றும் அளவுக்கு இறுக்கம் என்றால் பசை முழுக்க வழிந்து வெளியேறிவிடும், காலும் பிளக்கும். பசையில்லாமல் முழுவதும் ஒருமுறை கோத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். இரண்டும் ஒன்றானால் சதுரம். முதலில் குறுக்குச் சட்டம் வைத்த இரண்டு முனைகளையும் ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் நீளச் சட்டத்தால் இணையுங்கள். எட்டு இணைப்பையும் ஒரே மூச்சில் ஒட்டப்போனால் கடைசி இணைப்புக்கு வருவதற்குள் முதல் பசை இழுக்கத் தொடங்கிவிடும்.

மேற்பலகைக்கு, குறுக்குச் சட்டத்தின் உட்புறம் 25 × 25 ரீப்பர் ஒட்டி, அடியிலிருந்து ஒன்றரை அங்குல ஸ்க்ரூ, ஒவ்வொரு பலகையின் நடுக்கோட்டில் ஒன்று. பலகை இரு பக்கமும் விரிய இடம் வேண்டும். நடு இடைவெளி அதற்குத்தான். நடுவிலும் நீளச் சட்டங்களுக்கிடையே ஒரு ரீப்பர் கொடுத்து அதேபோல் பிடியுங்கள்.

ஆயுதம்: நுண்பல் கைரம்பம், 2 அங்குலத் தகடுள்ள இழைப்புளி, 8, 12, 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், ஸ்டீல் டேப், கோடு கீறும் மார்க்கிங் கேஜ், நாலு கிளாம்ப், பேட்டரி டிரில், சாணைக்கல். இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் வாங்குவதில்லை. புது உளி கடையிலிருந்து கூராக வராது. 25 டிகிரியில் தீட்டி, நுனியில் மட்டும் 30 டிகிரியில் நாலு இழுப்பு. தாளைத் தூக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் அறுக்க வேண்டும். மொண்ணை உளிதான் கையில் ஏறும், ஏனென்றால் நீங்கள் தள்ளுகிறீர்கள். வட்டரம்ப மெஷின் ஆசை இருந்தால் இரண்டு சாமான் முடித்த பிறகு யோசிக்கலாம்.

மரத்துக்கு: பழைய பங்களா இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நன்றாகக் காய்ந்து அடங்கிய மரம். இழைப்பதற்கு முன் காந்தம் ஓட்டி ஆணி தேடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். காய்ந்த உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டலைப் பொட்டலமாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்றரை அடி புத்தக அலமாரி செய்தேன். தட்டுகள் தொட்டில் மாதிரி தொங்குகின்றன. — கொடைக்கானல் வாசகி

பதில்: ஒரு மீட்டர் தட்டில் புத்தகம் நிரப்பினால் 25 கிலோவுக்குக் குறையாது. தொய்வு என்பது நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது: 2 அடி தட்டை 3 அடி ஆக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. கனமோ மூன்றாம் அடுக்கில் உதவுகிறது: 18-ஐ 25 ஆக்கினால் தொய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இருக்கிற அலமாரிக்குச் சுலப வழி, முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத்துக்கு 20 மி.மீ. கட்டை ஒன்றை முழுநீளமும் ஒட்டி ஸ்க்ரூ போடுவது. பின்விளிம்பைப் பின்பலகையோடு பிடித்துவிடுவது. தொங்கிய தட்டைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் நேராகும். அடுத்த முறை இரண்டடிக்கு ஒரு நடுச்சுவர். மழைச்சாரல் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியானால் சாதாரண கமர்ஷியல் பிளை வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். பின்பலகைக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விடாவிட்டால் அதற்கும் பூஞ்சை வரும்.

கேள்வி: பாலிஷ் போட்டதும் வெள்ளை மேகம் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. — மஞ்சூர் வாசகர்

பதில்: அரக்கு பாலிஷில் உள்ள ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மூடுபனி வந்து ஜன்னலைத் தட்டும் நாளில் பாலிஷ் வேண்டாம். பழுதைச் சரிசெய்ய, வெயில் அடிக்கும் நண்பகலில் சுத்தமான பஞ்சுப்பொதியில் சொட்டு ஸ்பிரிட் விட்டு, நிற்காமல் மேலோட்டமாக ஓட்டுங்கள். மேல்படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். ஒரே இடத்தில் நின்றால் படலமே கையோடு வந்துவிடும்.

கலவை: அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அவலரக்கு, இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்கள். மரத்தை 120, 180, 220 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, மெல்லிய ஆறு பூச்சு. கெட்டியான இரண்டைவிட மெல்லிய ஆறு மேல். சூடான டம்ளர் வைக்கும் மேஜைக்கு அரக்கு தாங்காது, அங்கே பாலியூரித்தேன்.

மழைக்காலத்தில் வேலை நிற்கக் கூடாதென்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு வழி. தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும்; துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்து அதில் பூஞ்சை பூக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் விடும். சுருண்ட துணி தானே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

கேள்வி: ரப்பர் மரத்தில் செய்த ஸ்டூலின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், நிற்கவில்லை. — தாண்டிக்குடி வாசகர்

பதில்: ஊசித்துளையும் மாவுத்தூளும் என்றால் உளுப்பூச்சி. மரத்தின் வைரம் பாயாத வெளிறுப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தின்கிற வண்டின் புழு அது. வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. ரப்பர் மரத்தில் வைரமே இல்லை, அதனால் முழு மரமும் அதற்கு விருந்து. மண்ணெண்ணெய் தொட்ட புழுதான் சாகும், ஆழத்தில் இருப்பது தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் துளைகளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதுத்தூள் விழவில்லையென்றால் பூச்சி வெளியேறிவிட்டது, மெழுகால் துளையை அடைத்தால் போதும். விழுந்தால், பாலிஷைச் சுரண்டி மரத்தை வெறுமையாக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை தாராளமாகப் பூசுங்கள். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கலவையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் நொறுங்கும் கால் என்றால் மருந்து வேண்டாம், எரித்துவிடுங்கள். மற்ற சாமான்களுக்குப் பரவும். அடுத்த முறை ரப்பர் மரப்பலகையை, போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆயுதங்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? — உதகை வாசகர்

பதில்: உதகையில் அது பாட்டிலைவிட்டே வெளியே வராது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், போகப்போகப் பிசின் மாதிரி ஒட்டவும் செய்யும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு, வேலை முடிந்ததும் உளியையும் இழைப்புளித் தகட்டையும் ஒருமுறை துடைத்து வையுங்கள். துணிப்பையிலோ தோலுறையிலோ போட்டு வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடியுள்ள மரப்பெட்டி நல்லது.